மூன்றரை நட்சத்திரம்

தமிழில் ஒரு சாப்பாட்டைக் குறைசொல்லக் குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன. 'எனக்குப் பிடிக்கல' என்கிறோம். 'நல்லா இல்ல' என்கிறோம். காய்ச்சலில் கிடந்து எழுந்த மறுநாள் 'நாக்கு செத்துப் போச்சு' என்கிறோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 'வயித்துக்கு ஒத்துக்கல' என்கிறோம். நான்கும் ஒரே தட்டைப் பற்றிய பேச்சுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஆள் வேறு. முதலாவதில் நான் நிற்கிறேன், நான்காம் வேற்றுமை உருபோடு. மூன்றாவதில் என் நாக்கு. நான்காவதில் வயிறும் உணவும் சேர்ந்து நிற்கின்றன, ஜோடிப் பொருத்தம் சரியில்லாத கல்யாணம் மாதிரி.

வில்லங்கம் பிடித்தது இரண்டாவதுதான். 'நல்லா இல்ல' என்ற வாக்கியத்தில் சொன்னவன் எங்குமே இல்லை. அவன் பசி, அவன் ஊர், அவன் அம்மாவின் கைப்பக்குவம், அன்று காலையில் பஸ்ஸில் அவன் நின்றுகொண்டே வந்தது எல்லாம் அழிந்துபோய், சாம்பார் மட்டும் தனியாக நிற்கிறது, தீர்ப்பு எழுதப்பட்டு. இரண்டு சொல்தான். சமைத்தவரின் காதில் விழுந்தால் அன்று ராத்திரி தூக்கம் வராது.

இதை நான் யோசிக்கத் தொடங்கியதற்குக் காரணம் எங்கள் பக்கத்து மெஸ் ஒன்று. என் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டியிருக்கிறது. புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம். கோயிலில் விஜயராகவப் பெருமாள், மரகதவல்லித் தாயார். நூற்றெட்டு திவ்விய தேசங்களில் ஒன்று என்பதால் வேன் வேனாக ஆட்கள் வருவார்கள். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள், வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் முளைத்திருந்தால் நல்ல சகுனம். வெளியில் நெடுஞ்சாலை, உள்ளே தெருக்களில் தறிச் சத்தம்.

மெஸ்ஸின் பெயர் வேண்டாம். ஆறு மேசை, ஒரு சுவர் ஃபேன். அக்காதான் சமையல், அவர் வீட்டுக்காரர் கல்லா. மதியத்தில் சோறு, சாம்பார், காரக்குழம்பு, ரசம், ஒரு பொரியல், அப்பளம், மோர். சாயங்காலம் போண்டா, டீ. இந்த ஆறு மேசையில் ஒரே நேரத்தில் உட்காருகிறவர்களைப் பாருங்கள்: தறியிலிருந்து எழுந்து வந்த நெசவாளிகள், ஓசூர் போகும் லாரி டிரைவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு இன்னும் தூங்காத பையன்கள், "வெங்காயம் பூண்டு போடாம ஏதாவது இருக்குமா?" என்று வாசலிலேயே நின்று கேட்கும் யாத்ரீகர்கள், பெங்களூர் வண்டி நம்பரோடு வந்து இறங்கும் குடும்பங்கள். அத்தனை பேருக்கும் ஒரே அண்டா சாம்பார்.

அந்த ஒரே சாம்பாரைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்கள்: "காரம் தூக்குது." "காரமே இல்ல, சப்புனு இருக்கு." "வீட்டுச் சாப்பாடு மாதிரி." "வீட்டுச் சாப்பாடு மாதிரிதான் இருக்கு, அதுக்கா வெளிய வரோம்?" "எண்ணெய் ரொம்ப." "இவ்ளோ எண்ணெயில்லாம யாருங்க சமைப்பாங்க." இவை ஒரே கிழமையில், ஏறக்குறைய ஒரே மணி நேரத்தில்.

இதில் யார் சொல்வது சரி என்று கேட்டால் பெரும்பாலோர் சிரித்துவிட்டு, "ருசி ஆளுக்கு ஆள் மாறும்பா" என்பார்கள். ஒரு சண்டையை முடித்து வைக்க இது நல்ல வாக்கியம். ஆனால் இது உண்மையா என்று பார்த்தால், இதைச் சொல்கிறவரே இதை நம்புவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதே ஆள் அடுத்த நிமிடமே, "ஆனா அந்த பைபாஸ் ஓட்டல் சாம்பார் சாம்பாரே இல்ல" என்று ஆரம்பிப்பார். அங்கே மாறும் என்ற பேச்சே கிடையாது.

இமானுவேல் காண்ட் 1790இல் எழுதிய நூலில் இந்த இடத்தில் ஒரு கோடு கிழிக்கிறார். கேனரித் தீவு ஒயின் இனிமையானது என்று ஒருவன் சொன்னால், 'எனக்கு இனிமையானது' என்று சொல் என இன்னொருவர் திருத்தலாம், அவனும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வான் என்கிறார். ஆனால் ஒன்றை அழகானது என்று சொல்லும்போது 'எனக்கு அழகானது' என்று சொல்வது வேடிக்கையாகிவிடும்; அங்கே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதாவது சாப்பாடு முதல் பெட்டி, கலை இரண்டாவது பெட்டி. காண்ட் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததில்லை என்பதால் இதைச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். பாயசம் சரியில்லை என்று ஒரு பெரியப்பா சொல்லும்போது அவர் தன் நாக்கைப் பற்றிய தகவல் எதையும் தரவில்லை. சம்பந்தி வீட்டாரின் மரியாதை, சமையல்காரரின் திறமை, உலகத்தில் பாயசம் எப்படி இருக்க வேண்டும் என்ற நியதி, எல்லாவற்றின் மீதும் ஒரே நேரத்தில் தீர்ப்பு சொல்கிறார். 'எனக்கு' என்று சேர்த்துச் சொல்லுங்கள் பெரியப்பா என்று யாராவது திருத்திப் பாருங்களேன்.

காண்ட்டுக்கு முன்பே, 1757இல், டேவிட் ஹியூம் ருசியின் அளவுகோலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'டான் கிஹோத்தே' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். சாஞ்சோ பான்சாவின் உறவினர்கள் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைக் கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள். ஒருவர் ருசித்துவிட்டு, நல்ல ஒயின், ஆனால் லேசாகத் தோல் வாசனை அடிக்கிறது என்கிறார். மற்றவர், நல்ல ஒயின், ஆனால் இரும்பு வாடை வருகிறது என்கிறார். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியான பிறகு பார்த்தால் அடியில் ஒரு பழைய சாவி, தோல் வாரில் கட்டியது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, முரண்பட்ட இரண்டு பேரும் சரி என்பது. 'ஆளுக்கு ஆள் மாறும்' என்ற அர்த்தத்தில் சரி இல்லை இது. பீப்பாய்க்குள் உண்மையிலேயே ஒரு சாவி இருந்தது. காரம் தூக்குது என்றவரும் சப்பென்று இருக்கிறது என்றவரும் முரண்படும்போது, அண்டாவுக்குள் சாவி எங்கே என்று தேடிப் பார்க்கலாம். நான் தேடினேன். அக்கா சாம்பாரில் மிளகாய்த்தூள் குறைவு, தாளிப்பில் காய்ந்த மிளகாய் அதிகம். பன்னிரண்டு மணிக்கு வருகிறவருக்கு மேலே மிதக்கும் தாளிப்பு கரண்டியோடு வந்துவிடும். இரண்டரை மணிக்கு வருகிறவருக்கு, நடுவில் ஒருமுறை வெந்நீர் விட்டு விளாவிய அடிச்சாம்பார். ஒரு அண்டாவில் இரண்டு சாம்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் எல்லா முரண்பாட்டுக்கும் சாவி கிடைப்பதில்லை. காஞ்சிபுரம் இட்லியை எடுத்துக்கொள்வோம்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாவது குடலை இட்லி. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, புளிக்கவைத்து, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலைக்குள் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. முழங்கை நீளத்தில் வரும், துண்டு போட்டுத் தருவார்கள். இரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது. நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்த காலத்து யாத்ரீகர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது நமக்குப் புரியாது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் நண்பன் ஒருவனை அழைத்துக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தான். "மச்சான், கல்லு மாதிரி இருக்குடா. இதுக்கா இவ்ளோ பில்டப்?" பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, மல்லிப்பூ மாதிரி வேணும்னா மதுரைக்குப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நண்பன் பொய் சொல்லவில்லை. அது கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் மிருதுவாக இருக்க வேண்டும் என்று அது ஒருநாளும் ஒப்புக்கொள்ளவே இல்லையே. குஷ்பு இட்லி வந்த பிறகு இட்லி என்றாலே அமுக்கினால் எழும்ப வேண்டும் என்று நமக்குள் ஓர் அளவுகோல் உட்கார்ந்துவிட்டது. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு குடலை இட்லியை அளப்பது, மல் துணிக்காரன் வந்து கோர்வைப் பட்டுச்சேலையைத் தூக்கிப் பார்த்து 'கனமா இருக்கே' என்பது போல. கனம்தான் சார் அதன் விலை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. சென்னையில் சில ஓட்டல்களில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று கேட்டால் சாதாரண இட்லி மாவிலேயே மிளகும் முந்திரியும் தாளித்துக் கொட்டி டம்ளரில் ஊற்றி அவித்துத் தருகிறார்கள். நன்றாகவே இருக்கும். நான் இரண்டாவது பிளேட்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் காஞ்சிபுரத்துக்காரன் எவனும் அதைச் சாப்பிட்டுவிட்டு 'நல்லா இருக்கு, ஆனா அது இல்ல' என்றுதான் சொல்வான். ஆக, 'நல்லா இருக்கிறது' என்பதும் 'தான் ஆக நினைத்ததாக ஆகியிருக்கிறது' என்பதும் வேறு வேறு. என் நண்பன் இரண்டாவதைக் கேட்காமலேயே முதலாவதற்கு விடை சொல்லிவிட்டான். சமைத்தவர் எதற்கு முயன்றார், யாருக்காக முயன்றார் என்று தெரியாமல் சொல்லும் கருத்து, சேலையின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது போல. என் சித்தப்பா ஐம்பது வருஷத் தறிக்காரர். எந்தச் சேலையைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

சித்தப்பா அந்த மெஸ்ஸின் நிரந்தர வாடிக்கையாளர். சித்தி போன பிறகு மதியம் அங்கேதான். அவருக்கு எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகாது, நெய்யை இலையில் விடவே விடமாட்டார். உடம்புக்கு என்னமோ என்றுதான் எல்லாரும் நினைப்போம். ஒருநாள் கேட்டேன். "கை பிசுக்குனு ஆயிடும்டா. எவ்ளோ சோப்பு போட்டாலும் லேசா நிக்கும். அப்புறம் வெள்ளைப் பாவுல கைய வெச்சா கறை." கல்யாணத்துக்குப் போகும் புடவை கெட்டுவிடக் கூடாது என்ற கவலை, அவர் நாக்கில் ருசியாக மாறி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து மேசையில் 'நெய் கொஞ்சம் கூட விடலாம்' என்பவருக்கு இது எப்படித் தெரியும்? சித்தப்பாவுக்கே பாதிதான் தெரியும்.

பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1979இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். நம் ருசி என்று நாம் நினைப்பதில் நம் வேலையும் வர்க்கமும் வளர்ப்பும் எழுதப்பட்டிருக்கின்றன. உடல் உழைப்பாளியின் தட்டும் அலுவலரின் தட்டும் வேறுபடுவது தற்செயல் இல்லை என்று. அவர் சொல்வதைப் படிக்கும்போது எனக்கு ஒரு கட்டத்தில் மூச்சு முட்டும், எல்லாவற்றையும் வர்க்கமே சாப்பிட்டுவிடுகிறது, மனுஷன் சாப்பிட ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றும். ஆனாலும் அந்த மெஸ்ஸில் நடந்ததைப் புரிந்துகொள்ள அவர் வேண்டியிருக்கிறார்.

நடந்தது இதுதான். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கூட ஆரம்பித்ததும் அக்கா வீட்டுக்காரர் அவர்கள் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார். காரம் குறைந்தது. சாம்பாரில் வெல்லம் கொஞ்சம் விழுந்தது. காரக்குழம்பில் புளி பாதியானது. கார்க்காரர்களுக்குப் பிடித்திருந்தது. சித்தப்பா ஒருநாள் இலையை மூடிவிட்டு, "இன்னா தங்கச்சி, சாம்பாரா பாயசமா?" என்று கேட்டார். அதட்டவில்லை. நெசவாளிகள் நாலு பேர் மெல்ல வேறு இடத்துக்கு மாறிவிட்டார்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக் காலை ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்து எழுந்து வருகிறவனுக்குச் சோறு இறங்க வேண்டும், அதற்குப் புளிப்பும் காரமும் வேண்டும். அவனுக்கு அது தினமும் ஒருவேளை. காரில் வந்தவருக்கு அது வாழ்க்கையில் ஒருவேளை. ஆனால் இரண்டு பேரின் குரலும் ஒரே எடையில் கல்லாவுக்குப் போய்ச் சேர்ந்தன. இல்லை, ஒரே எடைகூட இல்லை. கார்க்காரர் சத்தமாகச் சொல்வார், எழுதியும் போடுவார். சித்தப்பா இலையை மூடுவார், அவ்வளவுதான்.

நட்சத்திரம் என்ற சமாசாரமே வண்டிக்காரர்களுக்காகப் பிறந்ததுதான். மிஷலின் ஒரு டயர் கம்பெனி. 1900இல் பிரான்சில் கார் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு கையேடு போட்டார்கள். ஊர் ஊராகப் போனால்தானே டயர் தேயும். 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு வந்த மூன்று நட்சத்திர விளக்கத்தில் இரண்டாவதன் பொருள், வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடத் தகுந்தது. மூன்றாவது, அதற்காகவே பயணம் போகத் தகுந்தது. முழுக்க முழுக்கப் பிரயாணியின் கணக்கு. தினம் மதியம் அங்கேயே சாப்பிடுகிறவனுக்கு இந்த அளவுகோலில் இடமே இல்லை. (அதே கம்பெனியின் டயர் ஆலை இப்போது நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தேர்வாய் கண்டிகையில் இருக்கிறது. வட்டம் எங்கெங்கோ சுற்றுகிறது.)

2024 மே மாதம் மெக்சிகோ நகரத்தில் ஒரு டாக்கோ கடைக்கு இந்த நட்சத்திரம் கிடைத்தது. எல் கலிஃபா தே லியோன் என்று பெயர், 1968இலிருந்து நடப்பது. நம் ஊர் டீக்கடை அளவுதான் இருக்கும், நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், நாலே நாலு வகை டாக்கோ. நட்சத்திரம் வந்ததும் உலகமே வரிசையில் வந்து நின்றது. அதோடு அபிப்பிராயமும் வந்தது: இதுதான் உலகத்திலேயே சிறந்தது என்று சிலர், வெறும் மாட்டிறைச்சியும் உப்பும் எலுமிச்சையும்தானே, இதற்கா இவ்வளவு என்று சிலர். என் நண்பனின் 'பில்டப்' என்ற சொல்லை எனக்கு அங்கேயும் கேட்டது. நேற்றுவரை மத்தியானம் வந்து இரண்டு டாக்கோ சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடின பக்கத்துத் தெருக்காரர் இப்போது எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மெக்சிகோ என்றதும் இன்னொன்று. நாம் காரம் காரம் என்று அடித்துக்கொள்கிற மிளகாயே அந்தப் பக்கத்துச் சரக்குதான். போர்த்துகீசியர்களோடு கப்பலில் வந்தது. நாம் அதற்குத் தனிப் பெயர்கூட வைக்காமல் மிளகு போன்ற காய் என்று மிளகாய் ஆக்கிக்கொண்டோம். பல கோயில் மடைப்பள்ளிகளில் இன்றைக்கும் அதற்கு அனுமதி கிடையாது. குடலை இட்லியில் காரம் மிளகிலிருந்துதான் வருகிறது. முதன்முதலில் யாரோ ஒரு வீட்டில் மிளகாய் போட்டுக் குழம்பு வைத்த அன்று, ஒரு தாத்தா 'நல்லா இல்ல' என்று நிச்சயமாகச் சொல்லியிருப்பார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் சித்தப்பாவுக்குக் காரக்குழம்பே கிடையாது. எனவே வந்துபோகிறவர் எதையும் மாற்றக் கூடாது, ஊர்க்காரன் நாக்கே சாசனம் என்று நான் சொல்ல வரவில்லை. அக்காவுக்கும் பிழைப்பு வேண்டும். நாலு நெசவாளி போனாலும் எட்டு கார் வந்தால் வாடகை கட்டலாம். இதை யோசிக்கும்போது எனக்குச் சித்தப்பா பக்கம் மட்டும் நிற்க முடியவில்லை.

நட்சத்திரத்தின் சராசரி என்பதுதான் எனக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாதது. இரண்டு பேர் ஐந்து, இரண்டு பேர் இரண்டு போட்டால் மூன்றரை. மூன்றரை நட்சத்திரச் சாப்பாட்டை அந்த நாலு பேரில் ஒருவரும் சாப்பிடவில்லை. பன்னிரண்டு மணிச் சாம்பாரும் இரண்டரை மணிச் சாம்பாரும், தறிக்காரன் பசியும் கார்க்காரன் பசியும் கூட்டி வகுக்கப்பட்டு, யாருக்குமே நடக்காத ஒரு மதியம் அங்கே எண்ணாக நிற்கிறது.

திருப்புட்குழிக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. ராமானுஜர் இளவயதில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தது இங்கேதான் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். சாந்தோக்ய உபநிடதத்தில் இறைவனின் கண்ணைத் தாமரையோடு ஒப்பிடும் இடத்தில் 'கப்யாசம்' என்று ஒரு சொல் வரும். குரங்கின் பின்புறம் போலச் சிவந்த தாமரை என்று ஆசிரியர் பொருள் சொல்கிறார். அப்போது அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவனின் கண்ணீர் சுடச்சுட அவர் தொடையில் விழுகிறது. என்ன என்று கேட்க, இப்படியோர் உவமையைத் தாங்க முடியவில்லை என்கிறான் மாணவன். பிறகு அதே சொல்லை வேறு மாதிரிப் பிரித்து, கதிரவனால் மலர்ந்த தாமரை என்று பொருள் சொல்கிறான்.

பக்தியை ஒதுக்கி வைத்துவிட்டு இதை ரசனைச் சண்டையாக மட்டும் பார்க்கிறேன். மாணவன் கண்ணீரோடு நின்றிருந்தால் அது 'எனக்குப் பிடிக்கல'. பிரித்துக் காட்டியதால் அது வாதம். 'உங்களுக்கு அப்படி, எனக்கு இப்படி' என்று அவன் சொல்லவில்லை. முதலில் உடம்பு மறுத்தது, அப்புறம் அந்த மறுப்புக்கு உள்ள காரணத்தைச் சொல்லுக்குள்ளேயே தேடினான், ஆசிரியரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தான். சித்தப்பாவின் 'பாயசமா' என்பதிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்பேன். வெல்லம் என்று பெயர் சொல்லிவிட்டார். பெயர் சொன்னால் அக்காவால் ஒன்று செய்ய முடியும், போடலாம், போடாமல் விடலாம், 'இல்லண்ணே, இப்படித்தான்' என்றும் சொல்லலாம். 'நல்லா இல்ல' என்பவரிடம் அவர் என்னதான் பேச முடியும்?

இன்னும் கசப்பான ஒரு வகை இருக்கிறது. அதில் இலை போடுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும். வேனில் வருகிறவர்களில் சிலர் வாசலில் நின்று மெல்லக் கேட்பார்கள்: "யார் நடத்தறாங்க?" அக்கா பெயரைச் சொல்வார் வீட்டுக்காரர். "இல்ல... யாரு?" என்று திரும்பக் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே டீ மட்டும் குடிக்கிறீர்களா என்பார். திரும்பிப் போகும்போது "சுத்தமா இருக்கற மாதிரி தெரியல" என்ற சொல் காதில் விழும். மேசை அப்போதுதான் துடைத்து ஈரம் காயாமல் இருக்கும். சுத்தம் என்ற சொல்லுக்குள் இந்த ஊரில் எத்தனை சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்று அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதியிருப்பதை எதிர்த்துப் பெரியார் 1957இல் சென்னையில் போராட்டம் நடத்தினார். பலகைகள் போயின. 2023இல் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது, பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த செய்திகள் கரூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தன. ஆட்சியரும் அமைச்சரும் போய்ப் பேச வேண்டியிருந்தது. அந்தப் பெற்றோரிடம் கேட்டிருந்தால் அவர்களும் 'பிடிக்கல' என்றுதான் சொல்லியிருப்பார்கள். உப்புமாவை ருசி பார்க்காமலேயே.

'ருசி ஆளுக்கு ஆள் மாறும்' என்ற சமாதானத்தை நான் நம்ப மறுப்பதற்கு முக்கியக் காரணம் இது. அந்த வாக்கியம் எல்லாருக்கும் ஒரே மாதிரி குடை பிடிக்கிறது. எண்ணெய் பிசுக்கு ஆகாத சித்தப்பாவுக்கும் பிடிக்கிறது, 'யாரு' என்று கேட்டவருக்கும் பிடிக்கிறது. முதலாமவரின் ருசிக்குப் பின்னால் ஒரு சேலை இருக்கிறது. இரண்டாமவருடையது ருசியே இல்லை.

அதே வாக்கியம் சமைக்கிறவருக்கும் குடை பிடிக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா கடை போண்டாவில் எனக்குப் பிரச்சினை உண்டு. காலை வடை சுட்ட எண்ணெயிலேயே சாயங்காலம் போண்டா விழுகிறது. கறுத்த எண்ணெய், ஓரத்தில் நுரை கட்டும். பொரிக்கும் எண்ணெயில் போலார் காம்பவுண்ட் என்கிற சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலிருந்து விதி வைத்திருக்கிறது. அக்கா கடை எண்ணெயை யாரும் அளந்து பார்த்ததில்லை. ஆனால் அந்த போண்டா பிடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் எண்ணெய் நல்லதாகிவிடாது. இங்கே சாவி பீப்பாய்க்குள் கிடக்கிறது, நாக்கு கண்டுபிடிக்காவிட்டாலும். இதை அக்காவிடம் சொல்வதா, வெளியில் சொல்வதா? வெளியில் சொன்னால் வரும் சேதம் போண்டாவோடு நிற்காது, மதியச் சோற்றையும் சேர்த்து அடிக்கும். சொல்லாவிட்டால் சாப்பிடுகிற பையன்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அக்காவிடம்தான் சொன்னேன். "எண்ணெய் விக்கிற வெலைக்கு தெனம் மாத்துனா போண்டா பதினஞ்சு ரூபா வெக்கணும் தம்பி, நீ வாங்குவியா?" என்று கேட்டார். வாங்குவேன் என்றேன். "நீ வாங்குவ" என்றார். அந்த 'நீ'யில் அழுத்தம் இருந்தது. பிறகு ஒரு மாதிரி பேசி, காலை எண்ணெயைச் சாயங்காலம் வடிகட்டிப் பாதியை எடுத்துவிட்டுப் புதிது சேர்க்கிறார். விதிப்படி இது போதுமா என்றால் சந்தேகம்தான்.

சாம்பாரில் வெல்லம் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. காரக்குழம்பு பழையபடி இருக்கிறது. அதற்குக் காரணம் சித்தப்பா இல்லை, வெல்லம் விலை என்பது என் ஊகம். மாறிப்போன நாலு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

போன வாரம் அதே பெங்களூர் நண்பன் குடும்பத்தோடு இந்த வழியாக வந்தான். அந்த மெஸ் நல்லா இருக்குமா, அம்மாவும் வராங்க என்று போன் பண்ணிக் கேட்டான். நல்லா இருக்கும், நல்லா இருக்காது என்று நான் எதுவும் சொல்லவில்லை. "பன்னெண்டரைக்கு முன்னாடி போயிடு. சாம்பார் மேலாக ஊத்தச் சொல்லு. காரக்குழம்பு நெசவுக்காரங்க காரம், அம்மாவுக்கு வேணாம், ரசம் நல்லா போவும். உக்காந்தா வேர்க்கும், ஃபேன் ஒண்ணுதான். எண்ணெயில பொரிச்சதத் தொடாத" என்று சொன்னேன். "ஸ்டார் எவ்ளோடா போட்டிருக்காங்க?" என்றான். மூன்றரை என்றேன்.